குடை ஆமியில் ஐந்தாவது ஆள்

என் அப்பா அல்பேட் முப்பத்திரண்டு வருடம் தபால்காரராக மட்டக்களப்பு வெயிலில் சைக்கிள் மிதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. தான் கண்ணாலும் காணாத ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்தின் நினைவைக் காப்பாற்றுவது. அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. வீட்டில் சோறு கிடைக்கும், அதுவும் அம்மா மார்கிறட்டின் கோபம் ஆறியிருந்தால்.

அந்தப் பட்டாளத்துக்கு எங்கள் கடலோர டச்பார் ஒழுங்கைச் சனம் வைத்த பேர் குடை ஆமி. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944இல், பரசூட்டில் குதித்துப் பழக வந்தவர்கள். ஒரு காலை காற்று மாறி அடித்ததில், வயலில் இறங்க வேண்டியவர்கள் வாவியில் போய் விழுந்தார்கள். ஐந்து பேர் செத்தார்கள். ஜப்பான்காரனை ஒருநாளும் காணாமல், எங்கள் வாவியிடம் தோற்றுப்போன வீரர்கள். அதில் ஒருவன், விழ வேறு இடமில்லாததுபோல, என் அப்பப்பா சந்தியாப்பிள்ளையின் புது வலைக்குள் விழுந்தான்.

அப்பப்பா தோணியை வலித்துக்கொண்டு போய் அவனைத் தூக்கி உள்ளே போட்டார். தூக்கும்போதே திட்டவும் தொடங்கினார். வலை நார்நாராகக் கிடந்தது. "உன்ட பேர் என்னடா? சொல்லு, உன்ட துரைக்கிட்டப் போய்ச் சொல்றன்" என்று அவர் கத்த, அவன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு "சவுரி, சவுரி" என்றான். கரை வருமுன் செத்தும் போனான்.

சவுரி என்றால் சவேரியாரின் பேர். எங்கள் வேதக்காரரில் குடும்பத்துக்கு ஒரு சவுரி இருப்பான். வெள்ளைக்காரன் என்றாலும் நம்மட ஆள், பேரைக் கேட்டதும் ஒழுங்காகப் பேரைச் சொன்ன பிள்ளை, சாகப் போகிறவனைப் போய் இப்படித் திட்டிவிட்டேனே என்று அப்பப்பாவுக்கு அன்றைக்குத் தொடங்கிய மனக்குடைச்சல் கடைசி வரை விடவில்லை.

உடல்களை ஆமி லொறி ஏற்றிப் போய்விட்டது. அப்பப்பா முகாமில் சமைத்தவரிடம் கேட்டு மற்ற நாலு பேரின் பேரையும் ஒரு கொப்பியில் எழுதி, ஐந்தாவதாகச் சவுரியைச் சேர்த்தார். வருடா வருடம் நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தவர்களுக்கான பூசையில் அந்த ஐந்து பேரையும் வாசிக்கக் கொடுத்தார். மிஞ்சிய பரசூட்டுத் துணி ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானச் சட்டையானது. இங்கிலாந்து ராசாவின் சொத்தை உடுத்துக்கொண்டுதான் நாங்கள் கிறிஸ்தவர்களானோம்.

அப்பப்பா சாகும்போது தோணியைச் சித்தப்பாவுக்கும் கொப்பியை அப்பாவுக்கும் கொடுத்தார். இந்தப் பங்குபிரிப்பை அம்மா ஒருநாளும் மன்னிக்கவில்லை.

பேர் விஷயத்தில் அப்பாவுக்குத் தபால்காரப் பிடிவாதம். பங்குக்குப் புதிதாக வந்த சுவாமி ஒருவர் பட்டியலில் "மக்கின்ரயர்" என்ற பேரை மென்று விழுங்கி வாசித்தபோது, பூசை முடிந்த கையோடு உள்ளே போய் மூன்று தரம் சொல்ல வைத்துவிட்டுத்தான் வந்தார். "பேர் பிழைச்சா பூசையும் கடிதம் மாதிரித்தான் புள்ள. உரிய ஆளுக்குப் போகாது" என்று என்னிடம் விளக்கம் வேறு.

2004இல் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், டிசம்பர் 26 காலை, அம்மா அந்தக் கொப்பியின் வெற்றுப் பக்கத்தில் கேக் செய்முறை எழுதியிருந்ததை அப்பா கண்டுபிடித்தார். செத்த வீரர்களுக்கு அடுத்த பக்கத்தில் இருபத்தைந்து முட்டை, ஒரு றாத்தல் ரவை.

"உனக்குச் செத்தவனும் ஒண்டு, முட்டையும் ஒண்டு" என்று அப்பா குதித்தார்.

"உங்கட குடை ஆமி எனக்கு ஒரு மீன் துண்டு கொண்டந்து தந்திரிக்கா?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அப்பா சொன்னவை எழுதக் கூடியவை அல்ல. தேத்தண்ணியும் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டி ரவுணில், நகரத்துக் கோயிலில், பூசைக்கு வந்தார். பாட்டுக்குழுவில் இருந்த நான் அவருடைய முகத்தைப் பார்த்தே சண்டை என்று விளங்கிக்கொண்டேன். நாங்கள் கோயிலுக்குள் இருந்தபோதுதான் டச்பாருக்குள் கடல் வந்தது. அம்மாவை இரண்டு நாள் கழித்துக் கண்டெடுத்தோம். கொப்பி கிடைக்கவேயில்லை.

அகதி முகாமில் கொடுத்த பள்ளிக்கூடக் கொப்பியில் அப்பா ஐந்து பேரையும் மனப்பாடத்திலிருந்து எழுதினார். ஆறாவதாக மார்கிறட் என்று எழுதினார். அந்தக் காலைச் சண்டையைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நானும் கேட்கவில்லை.

2007இல், புலிகளின் விமானம் பறக்கத் தொடங்கி நாடே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், "குடை ஆமி: இறந்தோர் விபரம்" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிய கொப்பியோடு, பூசைக்குப் பேர் கொடுக்க, அப்பா சோதனைச் சாவடியைத் தாண்டப் போனார். இப்படியொரு மூளையைக் கடவுள் வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார். பிடித்து வைத்துவிட்டார்கள். கொச்சைத் தமிழ் பேசும் ஒரு அதிகாரி பேர் பேராக விசாரித்தார்.

"சவுரி தமிழ்ப் பேர். இவன் இப்ப எங்க?"

"வாவில விழுந்து செத்துட்டான் ஐயா."

"ஆறாவது, மார்கிறட். என்ன பதவி?"

"என்ட மனிசி ஐயா."

"பதவி என்ன?"

"எல்லாருக்கும் மேல."

நானும் சுவாமியும் போய் மூன்றாம் நாள்தான் அவரை வெளியே எடுத்தோம். வாசலில் நின்று, கொப்பியைத் தந்தால்தான் போவேன் என்று அடம்பிடித்தார். எனக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் போல இருந்தது.

2009இல் யுத்தம் முடிந்தது. ஒக்டோபரில் ஹார்வி என்ற கிழட்டு வெள்ளைக்காரர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். அவருடைய அண்ணன் குடை ஆமியில் இருந்து உயிர் தப்பியவராம். அந்தப் படைப்பிரிவின் சரித்திரத்தை இவர் எழுதுகிறார். பூசையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். உலகத்தில் தன்னைப்போல இன்னொரு பைத்தியம் இருப்பதைக் கண்டு அப்பா உருகிப்போனார்.

ஹார்வி கொண்டுவந்த பட்டியலில் நாலு பேர் அப்படியே பொருந்தின. ஐந்தாவது பேர் தொமஸ் றீட். சவுரி என்று யாருமே அந்தப் படையில் இருக்கவில்லை.

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப அறுபத்தஞ்சு வருசப் பூசையும் ஆருக்குப் போன?"

நடந்ததை ஒன்றும் விடாமல் அப்பா ஹார்விக்குச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். கிழிந்த வலை, அப்பப்பாவின் திட்டு, பேர் என்ன என்ற அதட்டல், கையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்ன "சவுரி, சவுரி". ஹார்வி பேனையைக் கீழே வைத்தார். அந்தச் சொல்லைத் தன் வாயால் மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னபோது அது இங்கிலிஸ் "சொறி" என்று கேட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பிக்கிறவள். ஒரு நாளைக்கு நாற்பது தரம் பிள்ளைகளின் வாயில் அந்தச் சொல்லை வரவைக்கிறவள். எனக்கே இத்தனை வருடம் உறைக்கவில்லை.

"அப்பா, அது பேரில்ல. அவன் மன்னிப்புக் கேட்டிரிக்கான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "வலைக்கா?"

"வலைக்குத்தான்."

மூன்று பேரும் சிரித்தோம். அப்பாவுக்கு இருமலே வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஞ்ச எத்தின ஆமி வந்து போன. மன்னிப்புக் கேட்டவன் ஒருத்தன், அவனையும் நாம விளங்கல்ல" என்றார்.

அந்த நவம்பரில் சவுரியை வெட்டிவிட்டுத் தொமஸ் றீட்டைப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். சுவாமி பூசையில் வாசித்தார். முதல் நாலு பேர் வந்தன. ஐந்தாவதாகத் தொமஸ் றீட். அதற்குப் பிறகு, "மார்கிறட், சவுரி."

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் முழந்தாளில் நின்றபடி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலைச் சண்டையில் தொடங்கிய என் கோபம் அந்த இடத்தில் போயிற்று.

பூசை முடிந்து வாசலில் சுவாமி கேட்டார். "அல்பேட், சவுரி எப்பவும் உங்கட மனிசிக்கு முன்னால எல்லோ வாறவர்?"

"விலாசம் மாறிக் கிடந்த, சுவாமி" என்றார் அப்பா. "இப்பதான் சரியா எழுதின."