இரண்டு கட்டு வெடி, ஆறு பெட்டி மத்தாப்பு

கடையில் எடுத்ததைத் திரும்ப வைப்பதும், வைத்ததை மறுபடி எடுப்பதும் என் பழக்கம். மகளுக்குப் பால்மா கூடுதலா, பழம் கூடுதலா என்று நான் தடுமாறி முடிப்பதற்குள் கணவர் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவார். ஆனால் இதே தடுமாற்றத்தால் ஒருமுறை எங்கள் லயத்தையே, தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசை முழுவதையுமே, வென்றிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த மறுநாள், பொகவந்தலாவைக் கடைத்தெருவில் அம்மா என் கையில் இருநூறு ரூபாயைத் திணித்தார்.

"வெடியோ மத்தாப்போ, ஒன் இஷ்டம். இதுக்கு மேல ஒரு சதம் கேக்கக்கூடாது."

முந்திய வருடம் முழுப் பணத்துக்கும் வெடி வாங்கியிருந்தேன். காலையிலேயே தீர்ந்துவிட்டது. சத்தத்துக்குப் பயந்த தம்பி கட்டிலுக்கடியில் கிடந்து அழுதான். மீதிப் பொழுதெல்லாம் எனக்கு வெறுங்கை. இந்த முறையும் தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

வெடி ஒரு கட்டு நாற்பது, மத்தாப்பு ஒரு பெட்டி இருபது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, யோசிக்காமல் ஐந்து கட்டு வெடி வாங்கினான். நானும் ஐந்து கட்டை எடுத்தேன். பிறகு ஒன்றைக் கொடுத்து இரண்டு மத்தாப்பாக மாற்றினேன். மனம் குளிர்ந்தது. இன்னொன்றை மாற்றினேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதை மாற்றக் கொஞ்சம் தயங்கினேன். நான்காவதை மாற்றியதும் சப்பென்று ஆகிவிட்டது. ஒரே கட்டு வெடியில் என்ன தீபாவளி?

"இவ பொங்கலுக்குத்தான் வாங்கி முடிப்பா மொதலாளி. நீங்க கடைய பூட்டுங்க" என்றான் அண்ணன்.

"நீ சும்மா இருடா. என்னம்மா, இதுதான் கடைசியா?" என்றார் கடை முதலாளி.

இரண்டு மத்தாப்பைக் கொடுத்து ஒரு வெடிக்கட்டை மீட்டேன். இனி எதை மாற்றினாலும் குறையும் என்று தோன்றியது. நிறுத்திக்கொண்டேன்.

தீபாவளியன்று எண்ணெய் வைத்துக் குளித்த கையோடு அண்ணன் ஐந்து கட்டையும் வெடித்துத் தீர்த்தான். நான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பனிமூட்டம் இறங்கியதும் மத்தாப்பைக் கொளுத்தினேன். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கடைசியாக அண்ணன் வந்து நின்றான்.

"ஒன்னே ஒன்னு குடு தங்கச்சி."

கொடுத்தேன். அரசி கொடுப்பதுபோலக் கொடுத்தேன்.

பின்னாளில் பொருளியல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு பொருள், ஒரே வரவு என்று கோடு போட்டபோது, எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்று சொல்ல முதலில் கையுயர்த்தியவள் நான்தான். எனக்கு அது முதலாளி கடையிலேயே தெரிந்திருந்தது.

தெரியாமல் இருந்தது ஒன்றுதான். அன்று மாலை, அந்த முறையும் வெடிக்குப் பயந்து பதுங்கியிருந்த தம்பி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து, இரண்டு கையிலும் மத்தாப்பைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆடினான். கடையில் ஒவ்வொரு கட்டாக மாற்றும்போது நான் என் சந்தோஷத்தை மட்டும்தான் நிறுத்துப் பார்ப்பதாக நினைத்திருந்தேன்.