தலையைத் தொட்ட பியானோக்காரன்

ஜீவனஹள்ளி சர்ச்சில் காதால் கேட்டே கிட்டார் பழகியவன் நான். பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படிக்கச் சேர்ந்தபோது, எங்கள் குழுவில் பியானோ வாசித்தவன்தான் எனக்குத் தாளில் எழுதிய இசை நோட்ஸைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தான். ஒல்லியான ஆள். வாசிக்க உட்காரும்முன் தவறாமல் நகம் வெட்டிக்கொள்வான். "மச்சா, மியூசிக்ல பொய் சொன்னா வெரலே காட்டிக்குடுத்துடும்" என்பான். அந்தப் பேச்சுக்காகவே அவனோடு சுற்றினேன்.

ஜாஸில் ஒவ்வொருவரும் முறைவைத்துத் தனியாக வாசிப்போம். யாராவது தலையைத் தொட்டால் தனி வாசிப்புகள் எல்லாம் முடிந்தன, எல்லோரும் பாட்டின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அர்த்தம். கடைசித் தேர்வில் அவனுக்குப் பிறகு என் முறை. என் மதிப்பெண்ணே அதில்தான். அவன் வாசித்து முடித்தான். என்னைப் பார்த்துக்கொண்டே தலையைத் தொட்டான். என் தனி வாசிப்பு இல்லாமலே குழுவோடு நானும் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் மச்சா, மறந்துட்டியா?"

"மறக்கல. ரிகர்சல்ல நீ வாசிச்சத கேட்டேன். அதுக்கப்புறம் என்னுது யாருக்கு ஞாபகம் இருக்கும், சொல்லு."

அந்தத் தேர்வில் நான் தேறவில்லை. என் வாசிப்பைப் பற்றி அதைவிடப் பெரிய வார்த்தையை இன்றுவரை யாரும் சொன்னதுமில்லை. ஆனாலும் மேடையில் யாராவது தலையைச் சொறிந்தால் என் விரல்கள் நின்றுவிடுகின்றன.