ஏற்கெனவே திறந்த வரி

அவரிடமிருந்து ஃபோன் வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. வளைகுடாவுக்குப் போனதிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. கொழுந்தனின் செல்லுக்குக் கூப்பிடுவார், அவன் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பான். இப்போது மூன்று வெள்ளி போய்விட்டது.

"டவர் கெடைக்கலையா இருக்கும் அண்ணி. சும்மா அலட்டிக்காதீங்க" என்றான் கொழுந்தன்.

கை தவறி டம்ளர் விழுந்தாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறவள் நான். யாரிடமும் சொல்லாமல் சீர்காழிக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர். அவருடைய விசாவை அங்கேதான் பிரின்ட் எடுத்தோம். கம்ப்யூட்டரில் பேரைப் போட்டால் ஆள் எங்கிருந்தாலும் தெரிந்துவிடும் என்று அன்றைக்கு அவர் சொல்லியிருந்தார்.

ஐப்பசி மழை. பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டு. வரிசையாகத் திரை போட்ட தடுப்புகள், ஆளே இல்லை. கடையில் இருந்த பெண் கடைசித் தடுப்பில் உட்காரவைத்தாள்.

"யாரைக்கா தேடணும்?"

"வீட்டுக்காரரை."

"பேரு?"

எங்கள் பக்கம் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம். பாஸ்போர்ட் ஜெராக்ஸை எடுத்துக் காட்டினேன்.

"சொன்னா ஆயுசு கொறஞ்சிருமாக்கும்!" என்று சிரித்தாள். "சரி, நீங்களே அடிங்க. காலையில மவுஸ் செத்துப்போச்சு. டேப் பட்டனை அமுக்குனா ஒவ்வொரு வரியா நகரும். வேண்டிய வரி வந்ததும் என்டர்."

செத்துப்போச்சு என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. ஏழாவதோடு நின்றவள், இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியும். முதல் எழுத்தைத் தேடி அமுக்கினேன். கையை எடுப்பதற்குள் தேடும் பெட்டிக்குக் கீழே அவருடைய முழுப்பேரும், அப்பா பேரோடு, ஊரோடு, தானாக வந்து நின்றது. இந்த வாயால் ஒருமுறைகூடச் சொல்லாத பேர். அம்புக்குறிப் பட்டனை அமுக்கி அதையே எடுத்துக்கொண்டு என்டர் தட்டினேன்.

வரிகள் வந்தன. எல்லாம் நீலம், ஒன்றைத் தவிர.

"இது மட்டும் ஏம்மா ஊதாவா இருக்கு?"

"யாரோ ஏற்கெனவே தொறந்து பாத்திருக்காங்க."

டேப்பை அமுக்கினேன். ஒரு புள்ளிக்கட்டம் வரிவரியாக இறங்கியது. ஊதா வரியின்மேல் நின்றது. என்டர் தட்டினால்தான் உள்ளே இருப்பது நடக்கும், தட்டாவிட்டால் நடக்காது என்று எனக்கு அப்போது உறுதியாகத் தோன்றியது. தாண்டிப் போனேன். கட்டம் அடிவரை போய், மேலே ஏறி, சுற்றி வந்து, மறுபடி அதே வரியில் நின்றது. மூன்றாவது சுற்றில் அந்தப் பெண்ணே எட்டி என்டரைத் தட்டிவிட்டாள்.

அந்த நாட்டுச் செய்தி ஏதோ ஒன்று. அவள் சிரிப்பு நின்றுபோனது.

"கட்டடத்துல சாரம் சரிஞ்சிருச்சாம்க்கா. இது அடிபட்டவங்க லிஸ்ட். இதுல இருக்காரு. எறந்தவங்க பேரு கீழ தனியா இருக்கு."

கீழ் அம்பை நானே அமுக்கினேன். ஒவ்வொரு பேரையும் எழுத்துக் கூட்டினேன். அவர் இல்லை. மறுபடி மேலே போய் மறுபடி இறங்கினேன். இல்லை.

"இதுக்கு முன்னாடி பாத்தது யாரும்மா?"

"பேரெல்லாம் தெரியாதுக்கா. நாலு நாளா ஒருத்தர் இதே சீட்டுலதான் உக்காருவாரு. ஒரக்கடைப் பையைத் தலையில கவுத்துக்கிட்டு மழையில வருவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு."

உரக்கடையில் வேலை பார்ப்பவன் என் கொழுந்தன்.

வீட்டுக்கு வந்தபோது அவன் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றேன்.

சொம்பைக் கீழே வைத்தான். "அண்ணந்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

"ஃபோனப் போடு."

போட்டு என்னிடம் கொடுத்தான். மணி வெகுநேரம் அடித்தது. பிறகு ஒரு மூச்சு கேட்டது.

"டேய், அவளுக்குத் தெரிஞ்சிருச்சா?"

அவர் குரல்தான். பாதியாகியிருந்தது.

"தெரிஞ்சிருச்சு" என்றேன்.