அக்காளோடு நேரே வீட்டுக்கு வந்தவள்

இதை எத்தனையோ வருடங்களாக மனதில் எழுதி மனதிலேயே அழித்துவிட்டேன். அக்காள் உயிரோடு இருக்கையில் எழுதினால் ஊர் அவர்களை வேறு மாதிரி பார்க்கும் என்று ஒரு பயம். சபையில் என்ன பேசுவார்களோ என்று இன்னொரு பயம். இப்போது அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருடம் நிறைகிறது. “மாமா, அம்மாவுக்க நினைவு மலருக்கு நீங்க எழுதாம வேற யாரு எழுதுவா?” என்று அக்காளின் மகள் ஷீபா கேட்டபோது இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை. நான் அதிகம் படித்தவன் அல்ல. ஆனால் நடந்ததை விட்டுவிட்டு நற்குணங்களை மட்டும் எழுதினால் அது எங்கள் அக்காளாக இருக்காது. ஆகையால் ஜெபம்பண்ணிவிட்டு எழுதுகிறேன்.

அக்காள் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கொல்லயில் என்ற ஊரில், ஒரு பெரிய வீட்டாரின் தென்னந்தோப்பு மூலையில் இருந்த ஓலைக் குடிலில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். அப்பாவுக்குத் தோப்பில் தேங்காய் வெட்டும் வேலை. குடில் எங்களுடையது, அது நின்ற மண் எங்களுடையது அல்ல. தோப்புக்காரர் முகம் கோணினால் ஓலையைப் பிரித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பிறகு குடிகிடப்புச் சட்டம் வந்து குடிலைச் சுற்றிய பத்து சென்ட் எங்கள் பெயருக்கு ஆனது. அன்று அக்காள் பாவாடையை முட்டுக்கு மேலே செருகிக்கொண்டு எல்லைக் கல் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு ஓடினார்கள். “எலே, இனி நம்மள ஒருத்தனும் எறங்குன்னு சொல்ல முடியாது, கேட்டியா?” என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த மண்ணில் ஒரு கல்வீடு கட்ட வேண்டும் என்பது அக்காளின் ஆசை. கல்யாணமாகி, ஷீபா இடுப்பில் இருக்கையில் அத்தான் பனையிலிருந்து விழுந்து தவறிவிட்டார்கள். போட்ட அஸ்திவாரத்தில் புல் முளைத்தது. அக்காள் செங்கல் சூளையில் கல் சுமந்தார்கள். சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி உதிர்ந்துபோனது. ஊரிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு நாள் ஷீபாவை என் கையில் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலைக்கு அக்காளும் விமானம் ஏறினார்கள்.

அங்கே ஒரே அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள். மேல்தட்டில் அக்காள். கீழ்த்தட்டில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரி மரிசெல். குள்ளமான பெண், சிரித்த முகம். அவளுடைய புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. மூன்று பிள்ளைகளும் அவள் தாயாரிடம் வளர்ந்தார்கள். அவர்கள் பாஷையில் மூத்த சகோதரியை ‘ஆத்தே’ என்பார்களாம். அக்காளை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். நம் வீட்டுப் படத்தைக் காட்டினபோது, தென்னையும் வாழையும் வயலும் பார்த்து, “இது என் ஊர்தானே” என்று அந்தப் படத்தை வெகுநேரம் மடியில் வைத்திருந்தாளாம்.

அவள் ஊரில் வருஷம் தவறாமல் புயல் வரும். கூரை பறந்தால் எடுத்துவந்து மறுபடியும் வைப்பார்கள். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் ஏறினால், ஊர் ஆண்கள் அடியில் மூங்கில் கோத்து வீட்டை அப்படியே தோளில் தூக்கி மேட்டில் கொண்டுவைப்பார்களாம். கூலி கிடையாது. வீட்டுக்காரி எல்லாருக்கும் வயிறாரச் சாப்பாடு போட்டால் போதும். விடுமுறையில் வந்தபோது அக்காள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். “நாம வீட்டப் பிரிச்சிட்டுப் போவோம். அவிய வீட்டோட போவாவ மக்கா!”

ஒரு சமயம் கம்பெனி மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்கவில்லை. அந்த நாட்டுப் பெண்கள் கையிலிருந்ததைச் சேர்த்து ஒரே பானையில் சோறு வைத்து, பூண்டும் வினிகரும் விட்டு உணக்க மீன் என்கிற கருவாட்டை வதக்குவார்கள். வாசலில் நடப்பவர்களைக்கூட விடாமல் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அக்காளுக்கு வெட்கம். சாப்பிட்டாச்சு என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். மரிசெல் தட்டைத் தூக்கி மேல்கட்டிலில் வைத்து, “ஆத்தே பொய். எழும்பு” என்றாளாம். அந்தச் சோறு உள்ளே இறங்கின சூட்டைச் சாகும்வரை அக்காள் மறக்கவில்லை.

பிறகு மரிசெலுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. காகிதங்கள் சரியாகாமல் அவள் உடல் பிணவறையிலேயே கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் எல்லாரும் வேனில் போய்ப் பார்த்து, ஜெபமாலை சொல்லித் திரும்பினார்கள். தங்குமிடத்துக்குக் கொஞ்சம் முன்பே, அவர்களில் மூத்தவளான லிண்டா ஒரு ரொட்டிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். எல்லாரும் இறங்கினார்கள். சாவு பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகக்கூடாது, வழியில் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார் என்பது அவர்கள் வழக்கம்.

நம் வழக்கம் வேறல்லவா? துஷ்டி வீட்டுக்குப் போனால் வழியில் எந்த வீட்டிலும் கடையிலும் ஏறக்கூடாது, நேரே வந்து குளித்துவிட்டுத்தான் மறுவேலை. அக்காள் நம் வழக்கப்படி நடந்தார்கள். பின்னாலிருந்து மற்றப் பெண்கள் கூப்பிடக் கூப்பிட, தலையைக் குனிந்துகொண்டு நேரே அறைக்குப் போய்க் குளித்தார்கள்.

நடுப்பகல். அறையில் வேறு யாரும் இல்லை. அக்காள் தலை துவட்டிக்கொண்டு நிற்கையில் கீழ்க்கட்டிலின் கம்பி, ஆள் உட்கார்ந்ததுபோல் கிறீச்சிட்டது. பூண்டு வதங்கும் வாசனை வந்தது. அடுப்போ அணைந்து கிடந்தது. கொஞ்சம் கழித்து லிண்டா வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கீழ்க்கட்டிலைப் பார்த்தாள், அக்காளைப் பார்த்தாள்.

“நேரே வந்துவிட்டாய்” என்றாள். “பயப்படாதே, ஒன்றும் செய்யமாட்டாள். ஆனால் நீ ஊருக்குப் போகும்போது தன் ஊருக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கூடவே வருவாள்.”

அந்தப் பெண்கள் தங்களுக்குள் பணம் பிரித்துச் சேர்த்து ஒருவழியாக உடலைப் பெட்டியில் அனுப்பிவைத்தார்கள். பெட்டி போயிற்று. மரிசெல் போகவில்லை.

ஒப்பந்தம் முடிந்து அக்காள் வந்தபோது நானும் ஷீபாவும் டாக்சி பிடித்துத் திருவனந்தபுரத்துக்குப் போனோம். திரும்புகையில் நான் முன்னால், அவர்கள் இரண்டு பேரும் பின்னால். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “மூணு சேச்சிமாருக்கும் ஸ்தலம் போதுமோ?” என்று கேட்டார். “ரெண்டு பேருதானே உண்டு” என்றேன். அவர் மறுபடியும் பார்த்தார். பாலராமபுரம் தாண்டினதும் அந்தக் கண்ணாடியைக் கூரைப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். அக்காள் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, “இது இல்ல பிள்ளே, இது எனக்க ஊராக்கும்” என்றார்கள். ஷீபாவிடம் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

அன்றே எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார்கள். அந்நிய தேசத்துத் தனிமையில் மனம் சோர்ந்துபோயிருக்கிறது என்று எண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உடம்புக்கு முடியாமல் ஆராதனைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். புறவாசல் படியில் ஒரு குள்ளமான பெண் ஈரத் தலையோடு குத்தவைத்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தங்கபாய் என்று நினைத்து, “என்ன வேணும்?” என்றேன். எழுந்து அடுக்களைக்குள் போனாள். அடுக்களைக் கதவை வெளியே பூட்டிச் சாவியை அக்காள் கோயிலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ப் பார்க்கையில் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. படியில் மட்டும் ஈரம். அதற்குப் பிறகு நான் அக்காளை மறுத்துப் பேசவில்லை.

அவள் பிள்ளைகளைத் தேடினாள். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும்போது மதிலருகில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் முகமாகக் குனிந்து பார்ப்பாளாம். “ஒரு சேச்சி பாத்துச்சு, பாத்துட்டு வேண்டாம்னு போச்சு” என்று சின்னப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லின. ஊர் கலங்கியது. ஷீபாவுக்குத் திருப்புறம் என்ற ஊரிலிருந்து வந்த சம்பந்தம் முடங்கியது. தகப்பன்மாரும் தாய்மாரும் ஒரு மந்திரவாதியோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். அவளைக் காஞ்சிர மரத்தில் ஆவாகித்து இறக்கி ஆணி அடித்துவிட்டால் அசையாது என்றார் அவர்.

“அடியுங்க அண்ணே” என்றாள் தங்கபாய். “எனக்க பிள்ளைக்கு ரெண்டு நாளா தீனி எறங்கல்ல.”

அக்காள் வாசலில் குறுக்கே நின்றார்கள். “எனக்குப் பட்டினியில சோறு தந்தவளாக்கும். அவ தலையில ஆணியா?”

“சோறு தந்தவ உயிரோட இருந்தவ அக்கா. இது வேற.”

“உனக்க மாப்பிளை எங்க இருக்காரு தங்கம்?”

தங்கபாயின் கணவர் அப்போது வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். அக்காள் முற்றத்தில் நின்ற ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்கள். “உனக்க தம்பி எங்க? உனக்க மக எங்க? அங்க ஒருத்தரு செத்து, ஊருக்கு வழி தெரியாம எவ வீட்டுப் படியிலயாவது போய் இருந்தா, அந்த வீட்டாரும் ஆணியோட வரட்டா? சொல்லுங்க, இப்பமே வழிய விடுதேன்.”

மந்திரவாதி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மறுநாள் மத்தியானம் தங்கபாய் ஒரு வாழையிலைப் பொதியைக் கொண்டுவந்து எங்கள் படியில் வைத்தாள். “உங்க வீட்டு ஆளுக்காக்கும். கொஞ்சம் உணக்க மீனும் உண்டு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். அதற்குப் பிறகு வளைகுடாவில் ஆள் இருந்த வீடுகளிலிருந்தெல்லாம் ஏதாவது வந்தது. போதகர் ஐயாவும் வந்தார்கள். “செத்தவர்களுக்காக ஜெபிக்க நம்ம சபையில வழக்கமில்ல அம்மா. அந்த மூணு பிள்ளைகளுக்காக ஜெபிக்கலாம்” என்று முழங்கால் போட்டார்கள். படியில் வைத்த சோறு அப்படியேதான் இருக்கும். ஆனால் எடுத்து வாயில் போட்டால் உப்பும் இராது, ருசியும் இராது. கோழிகூட அதைத் தொடாது.

ஆனாலும் அவள் பள்ளிக்கூட மதிலை விட்டு நகரவில்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று. வீடு முடிந்திருந்தது, இனி போக வேண்டிய தேவை அக்காளுக்கு இல்லை. முட்டுவலி வேறு. அப்படியிருந்தும் அதே வேலைக்கு மறுபடியும் எழுதிப்போட்டார்கள். “நான் கூட்டிட்டு வந்தேன், நானே கொண்டுவிடணும்” என்றார்கள். புறப்படுகிற அன்று காரின் கதவைத் திறந்து பிடித்து, “ஏறு பிள்ளே” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் தாங்கள் ஏறினார்கள். முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் தானாக ஓரடி விலகி வழிவிட்டதை நான் பார்த்தேன்.

லிண்டா இன்னும் அங்கே இருந்தாள். அவளும் மரிசெலின் ஊர்க்காரிதான். அவளுக்கு விடுமுறை கிடைக்கும்வரை அக்காள் காத்திருந்து, விமான நிலையம்வரை கூடப் போனார்கள். “வழியில் எங்கும் நிற்காதே, நேரே அவள் வீட்டுக்குப் போ” என்று லிண்டாவிடம் சொன்னார்கள். பிறகு தன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து, “இவ கூடப் போ. எனக்க கூட வராத” என்றார்கள். திரும்பும்போது முதல்தடவையாக நம் வழக்கத்தை மீறி ஒரு சாயாக் கடையில் ஏறி உட்கார்ந்தார்கள். சாயா ஆறி ஆடை கட்டினது. அறைக்கு வந்தபோது கட்டில் கிறீச்சிடவில்லை, வாசனை இல்லை. அத்தான் தவறினபோதுகூட அப்படி அழவில்லை என்று என்னிடம் சொன்னார்கள்.

விடுமுறை முடிந்து வந்த லிண்டா சொன்னது இது. மரிசெல் வீட்டுக்குப் போகிற வழியில்தான் லிண்டாவின் வீடு. அவளுடைய சொந்தப் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடிவந்தும் அவள் நிற்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கவும் இல்லை. பெட்டியோடு நேரே நடந்தாள். மரிசெலின் தாயார் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். தலை நிமிர்ந்து, லிண்டாவைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் பார்த்து, “இவ்வளவு நேரமா உனக்கு?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு தட்டு எடுக்க எழுந்து உள்ளே போனார்களாம்.

கொல்லயிலில் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் அவளைப் பார்க்கவில்லை. ஷீபாவுக்கு நல்ல இடத்தில் திருமணம் நடந்தது. அக்காள் கடைசிக் காலத்தில் படுக்கையிலானபோதும் ஒருவரையும் குறை சொல்லவில்லை. சென்ற வருடம் ஒரு காலைப்பொழுதில், ஷீபா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கையில், அமைதியாகக் கர்த்தரிடம் சேர்ந்தார்கள்.

படுக்கையில் கிடந்த நாட்களில் முறைவைத்து வந்து தூக்கிக் குளிப்பாட்டின தங்கபாய்க்கும், தெருவிலுள்ள சகோதரிமாருக்கும், அடக்க ஆராதனை நடத்தின போதகர் ஐயாவுக்கும், பெட்டி சுமந்த வாலிபருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத அந்த அறைப் பெண்களுக்கும் நன்றி. அவர்கள் போட்ட சோற்றில்தான் எங்கள் அக்காள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார்கள்.

ஒரு வேண்டுகோள் உண்டு. மரிசெலின் பிள்ளைகள் சின்னவர்கள் என்று லிண்டா அவர்களிடம் இதைச் சொல்லவில்லை. பிறகு லிண்டாவோடும் எங்களுக்குத் தொடர்பு விட்டுப்போயிற்று. இன்று அந்தப் பிள்ளைகள் மூவரும் பெரியவர்களாகி, தாயைப்போலவே ஏதாவது அந்நிய ஊரில் வேலையில் இருக்கலாம். இந்த மலர் வளைகுடாவிலுள்ள நம் பிள்ளைகள் கைக்கும் போகும். உங்கள் அறையிலோ ஆஸ்பத்திரியிலோ அந்த நாட்டுக்காரர் இருந்தால் இதை வாசித்து அர்த்தம் சொல்லுங்கள். பேய் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம். பயத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். பெட்டி வந்த பிறகும் வீடு வந்து சேராத அந்த இரண்டு மழைக்காலமும் தங்கள் அம்மா எங்கே இருந்தாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தாள்.