எல்பிதியா குறித்த நாள்

சிகாகோவில் பதினாலு வருஷமாக ஓட்டல் அறைகளைத் துடைக்கும் எல்பிதியாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். அம்மா உயிரோடு இருக்கும்போதே ஒருதடவை ஊருக்குப் போய்வர வேண்டும். போவதற்கு யாரும் தடையில்லை. பஸ் ஏறினால் மெக்சிகோ. திரும்பி வரத்தான் இங்கே தங்க அனுமதிக்கும் அரசாங்கக் காகிதம் வேண்டும். அது இல்லாமல் ஒருமுறை பாலைவனத்தைத் தாண்டி வந்தவள் அவள். இன்னொருமுறை தாண்ட உடம்பில் தெம்பில்லை. இங்கேயே பிறந்த இரண்டு பெண்பிள்ளைகளை அநாதையாக்கவும் மனசு வரவில்லை.

அந்த வருஷம் மே முதல் தேதி, எங்களுக்கும் காகிதம் தரச் சட்டம் போடு என்று கேட்டு, எல்லை தாண்டி வந்த எங்கள் சனம் முழுக்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியது. சமையல்காரன், தோட்டக்காரன், இறைச்சி வெட்டுகிறவன், இடுப்பில் குழந்தையோடு வந்தவள் என்று லட்சக்கணக்கில். அம்மாடி, என்ன கூட்டம்! 'நாங்களும் மனுஷர்தான்' என்று கத்திக் கத்தி எல்லோருக்கும் தொண்டை கட்டிப்போனது.

"என்னடி, கல்யாணத்துக்கா கெளம்பின? இந்தக் குதிகால் செருப்பு அடுத்த தெருவத் தாண்டாது" என்று வெர்னா கிண்டலடித்தாள். எல்பிதியாவோடு வேலை செய்யும் கறுப்பினத்துப் பெண் அவள். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் துணைக்கு நடந்தாள்.

"இத்தனை பேரு கேட்டா குடுக்காமயா போயிடுவாங்க, வெர்னாக்கா?"

"கறுப்பருக்கு உரிமை கேட்டு எங்கப்பாவும் அந்தக் காலத்துல இப்படிச் சொல்லிட்டுத்தான் நடந்தாரு. நட, வேணாங்கல. நாள் மட்டும் குறிச்சிடாத."

குறித்துவிட்டாளே பாவி! அன்று சாயங்காலமே ஊருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, கிறிஸ்துமஸுக்கு வந்துடறேன். சட்டம் வந்தாச்சுன்னே வச்சுக்கோ."

"நெசமாவா புள்ள? வான்கோழி ரெண்டு நிக்குது. இன்னிக்கே தீனிய கூட்டிப் போட ஆரம்பிச்சிடறேன்" என்றாள் தோமாசா. மறுநாள் சோளம் அரைக்கப் போன இடத்தில், கோயில் வாசலில், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

தலைநகரத்துப் பெரிய மனுஷர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்துவிட்டு விடுமுறைக்குப் போனார்கள். சட்டம் அங்கேயே செத்தது. நாசமாய்ப் போக! இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? "கையெழுத்து ஆயிடுச்சும்மா, தபால்ல வரணும்" என்றாள் எல்பிதியா. கிறிஸ்துமஸ் போய் ஈஸ்டர் என்றாள். ஈஸ்டரும் போயிற்று. மூன்று வருஷம் இப்படியே ஓட்டினாள்.

ஒரு மார்ச் மாதம் தோமாசா கண்ணை மூடினாள். தம்பி லிப்ராதோ போனில் அழுதபோது எல்பிதியாவின் வாயில் வந்தது, "வர்றேன்டா" என்பதுதான். வேறு என்ன வரும்? மறுநாள் டிக்கெட் கிடைக்கவில்லை என்றாள். மூன்றாம் நாள் காலையில், ஓட்டல் அறையில் பாதி விரித்த படுக்கையில் அவள் உட்கார்ந்திருக்கையில், மறுபடியும் தம்பியே கூப்பிட்டான்.

"அக்கா, ஐஸ் வாங்கி வாங்கி வச்சிருக்கோம். இதுக்கு மேல தாங்காது. மக வராம என்னைத் தூக்கப்படாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கு. சனமெல்லாம் உனக்காகத்தான் உக்காந்திருக்கு. எந்த விமானம்னு சொல்லு, வண்டி அனுப்பணும்."

"லிப்ராதோ, காகிதம் இல்லடா."

"தொலைச்சிட்டியா?"

"வரவேயில்லடா. ஒருநாளும் வரல. அம்மாகிட்ட நான் சொன்னதெல்லாம் பொய்."

அந்தப் பக்கம் ஜெபம் சொல்லும் பெண்களின் குரல் மட்டும் கேட்டது. அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அப்போ மூணு நாளா யாருக்காகக்கா வச்சிருக்கோம்?"

எல்பிதியா அழுகையை அடக்கிக்கொண்டு, "எடுத்துடுங்கடா. இனியும் அவளக் காக்க வைக்காதீங்க" என்றாள்.

அவன் போனை வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே திரும்பி அங்கிருந்தவர்களிடம் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"யாரும் வரல. தூக்குங்க."