முதற்பால் கொதிக்கக் கூடாது

காலை மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவதில், குசினியில் மருமகள் கீரைக்குத் தேங்காய்ப்பால் விட்ட மணம் வந்தது. கொதிக்க விட்டுவிடுவாளோ என்று கவலைப்பட்டேன். பிறகு வெந்தயமும் மஞ்சளும் கலந்த அந்த மணத்தில் எண்ணிக்கை கரைந்துபோனது.

எனக்கு எட்டு வயது. கனகராயன்குளத்து மண்வீடு. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாளாகியும் அவர் எழும்பவில்லை, கஞ்சியையும் தள்ளிவிட்டார். அப்பா வேலி முருங்கையில் இலை ஒடித்து வந்து அடுப்பு மூட்டினார். தென்னோலைக் கிடுகுக் கூரையின் ஓட்டைகளால் ஏழு வெளிச்சக் கோடுகள் இறங்கின. அவற்றுக்குள் புகை மெல்ல மிதந்தது. தேங்காய்ப்பூவை இரண்டாந்தரம் பிழிந்த தண்ணிப்பாலில் கீரை வெந்ததும் அப்பா உரத்துச் சொன்னார்:

“இனி முதற்பாலை விட்டு நல்லாக் கொதிக்க விடப்போறன்.”

“இஞ்சேருங்கோ, கொதிச்சால் திரைஞ்சு போகும்,” என்றார் அம்மா, பாயில் கிடந்தபடி.

“நீர் பேசாமல் படும். தேசிக்காயையும் இப்பவே பிழியிறன்.”

“அடுப்பில இருக்கேக்கையோ?”

பாய் சரசரத்தது. அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அகப்பையைப் பறித்தார். விறகை வெளியே இழுத்தார். பாலை விட்டு, நுரை கட்டியதும் சட்டியை இறக்கி, அதன் பிறகே தேசிக்காய்ப் புளி விட்டார். உப்புப் பார்க்க ஒரு வாய் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்து சோற்றோடு சாப்பிடத் தொடங்கினார். பதினோராவது கவளத்தில் நிமிர்ந்தார்.

“கலியாணத்துக்கு முன்னம் மூண்டு வருசம் இஞ்ச தனியக் காடு வெட்டினியள். அப்ப ஆர் உங்களுக்குச் சமைச்சது?”

அப்பா இன்னொரு அகப்பை சோறு வைத்தார்.