ஓவர்ஃப்ளோ பைப்பில் அடித்த தேயிலைக் குச்சி

"மணியம், இந்தச் சொவத்தப் பாரு. போன வாரந்தான் பெயின்ட் அடிச்சேன். எப்பிடி வழியுது பாரு!"

பாக்கியம் அக்கா என்னை நிறுத்தியது ஒரு வியாழக்கிழமை மதியம். நான் ரிட்டையர் ஆவதற்கு ஐந்து வருடம் முன்பு. எஸ்டேட்டில் பைப் வேலைக்கு நான் ஒருவன்தான். தொழிற்சாலையில் ஒழுகினாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் ஒழுகினாலும் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள்.

அக்கா கொழுந்து எடுப்பவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் தேவிக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் கோலா தெர்லாவில் சொந்தமாகக் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள்.

"லயத்து வீட்டுப் பொண்ணுதானேன்னு எளக்காரமா பார்த்துறக் கூடாது மணியம். அதுக்குத்தான் இந்தப் பெயின்டு, இந்தப் பாடெல்லாம்," என்றார்.

அக்கா வீட்டு டேங்க் சீலிங்குக்கு மேலே இருந்தது. அதன் ஓவர்ஃப்ளோ பைப் கூரைக்குக் கீழே சுவரைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்துதான் நீலச் சுவரில் தண்ணீர் வழிந்தது.

பைப்பில் கோளாறு ஒன்றுமில்லை. டேங்க் நிறைந்ததும் மிதக்கும் பந்து மேலே வந்து, உள்ளே தண்ணீர் விடும் பால் வால்வை மூட வேண்டும். வால்வு சரியாக மூடவில்லை என்றால் மிஞ்சிய தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாக வெளியே போகும். ஆகவே பார்க்க வேண்டியது வால்வை. அதற்குச் சீலிங் பலகையைக் கழற்றி மேலே ஏற வேண்டும்.

அன்று தொழிற்சாலை மெயின் பைப்பில் ஜாயின்ட் விட்டுப்போய், மேனேஜர் துரை எனக்கு மூன்று முறை போன் செய்துவிட்டார். அக்காவோ நகர விடவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கவாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் குச்சி ஒன்றை எடுத்துச் சீவி, ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன்.

எங்கள் லயத்தில் தேயிலைக் குச்சி இல்லாத வேலை கிடையாது. கதவு ஆடினால் குச்சி, கோடாலிப் பிடி கழன்றால் குச்சி, பைப் ஒழுகினாலும் குச்சி. நல்ல வைரமான கட்டை. "பைப்புல குச்சி அடிக்காதீங்கலா" என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தவனே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்!

சுவர் காய்ந்தது. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சனிக்கெழம வந்து வால்வு பாத்துர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை மழை. போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். இதற்கு வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

ஞாயிறு காலை போன் வந்தது.

"மணியம், நடு வீட்ல தண்ணி கொட்டுதுடா! மாப்ள வீட்டுக்காரவுங்க கியா பார்ம் தாண்டி வந்துட்டாங்களாம்!"

நடந்தது இதுதான். விசேஷ வீடு என்பதால் அக்கா முதல் நாளே ட்ரம், வாளி எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தார். அப்புறம் டேங்க் தண்ணீரை யாரும் தொடவில்லை. வால்வு மூடவில்லை, ஓவர்ஃப்ளோவையோ நான் அடைத்துவிட்டேன். தண்ணீர் எங்கே போகும்? டேங்க் விளிம்பைத் தாண்டிச் சீலிங்கில் இறங்கிவிட்டது. பரிசத் தட்டு வைக்கப் பாய் விரித்திருந்த இடத்துக்கு நேர் மேலே பலகை தொப்பையாகத் தொங்கியது. கீழே அக்கா பட்டுச்சேலையோடு வாளி பிடித்து நின்றார். தேவி அறையை விட்டு வெளியே வரவில்லை. அழுகிறாள் என்றார்கள். எனக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

வெளியே ஓடி, வீட்டுக்குத் தண்ணீர் வரும் ஸ்டாப் வால்வை மூடினேன். ஏணி போட்டு ஏறிக் குச்சியைப் பிடுங்கினேன். தண்ணீரில் ஊறிப் பருத்து, வரமாட்டேன் என்றது. குறடு போட்டு இழுத்தேன். குச்சியும் வந்தது, டேங்கில் நின்ற தண்ணீரும் சேர்ந்து என் முகத்தில் அடித்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வாசலில் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா இறங்கி, சொட்டச் சொட்ட ஏணியில் நின்ற என்னையும், திறந்த கதவு வழியே வாளியையும் பார்த்தார்.

"என்னாங்க, வீடு ஒழுவுதா?"

எஸ்டேட் டேங்க், பழசு என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் பழி அக்கா வீட்டின் தலையில் விழுந்திருக்கும். ஏணியிலிருந்து இறங்கினேன்.

"வீடு நல்ல வீடுங்க. பைப்காரன்தான் சரியில்ல. நான்தான் அந்த ஆளு. வால்வு பாக்கச் சோம்பப்பட்டு ஓவர்ஃப்ளோவுல குச்சி அடிச்சிட்டேன். இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல" என்று குச்சியை நீட்டினேன்.

அவர் குச்சியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியா? பைப்காரரே அடைக்கிறாராம்லா! நம்ம வீட்டு ஓவர்ஃப்ளோவ நான் பழைய சட்டைய சுத்தி அடைச்சி மெத்தை நனைஞ்சதுக்கு ஒரு வாரம் எங்கிட்டப் பேசாம இருந்தியே!"

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒங்களுக்குத் துணைக்கு ஒரு ஆளு கெடைச்சிட்டாரு" என்றபடி சேலையைத் தூக்கிச் செருகி, அக்கா கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். பாயை அடுத்த பக்கம் இழுத்துப் போட்டார்கள். பரிசம் நல்லபடியாக நடந்தது.

எல்லோரும் சாப்பிடும்போது மேலே ஏறி வால்வைப் பிரித்தேன். ரப்பர் வாஷர் தேய்ந்து போயிருந்தது. மாற்றுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது மெயின்டனன்ஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ஓவர்ஃப்ளோ சொட்டினால் அடைக்காதீர்கள், மேலே ஏறுங்கள். ஏறவில்லையா, தப்பு என்னுடையது என்று சொல்லவாவது கீழே இறங்குங்கள்.

தேவிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அக்கா அதற்குப் பிறகு வீட்டுக்கு எத்தனையோ முறை பெயின்ட் அடித்துவிட்டார். சீலிங்கில் இருக்கும் அந்தப் பழுப்புக் கறையை மட்டும் தொடவில்லை. நான் போனால் அதற்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒன் எடத்துல உக்காரு மணியம்" என்பார்.

நானும் அங்கேதான் உட்காருகிறேன்.